இன்மை அறிக்கை

உட்காருங்கள் சார். நம் எண் வருவதற்கு இன்னும் நேரமிருக்கிறது. உள்ளே ஏதோ ஒரு நகராட்சிக்காரர் மாட்டிக்கொண்டிருக்கிறார், அவரை விடுவதற்கே அரை மணி ஆகும். நீங்கள் எந்தத் துறை? வருவாயா? நினைத்தேன். கோப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிற விதத்திலேயே தெரிகிறது. பயப்படாதீர்கள். தகவல் ஆணையத்தில் யாரையும் தூக்கில் போடுவதில்லை. நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள், அவ்வளவுதான். முப்பத்தோரு வருடம் அரசுப் பணி பார்த்தவனுக்கு அதுவே போதுமான தூக்கு.

என் பெயர் பரமகுரு. மாவட்டக் காவல் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். காக்கி இல்லை சார், அமைச்சுப் பணி. மேசைப் பக்கம். எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள். அதோ, ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருக்கிறாளே, நீலக் கூடைக்காரி, அவளைக் கேட்டால் மாவட்டத்தையும் சொல்வாள், என் ஜாதகத்தையும் சொல்வாள். வெள்ளத்தாய் என்று பெயர். பீடி சுற்றுகிறவள். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தரையில்தான் உட்காருவாள். நம்மைக் கெட்டவனாகக் காட்டுவதற்கு அது ஒரு வழி.

மெதுவாகப் பேச வேண்டுமா? எதற்கு? கேட்கட்டும்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் பக்கத்து நியாயம் புரியும். எங்கள் மாவட்டத்தில் இருபத்தேழு ஸ்டேஷன். பெண்கள், சிறுமியர் கடத்தல் பற்றி மாதாந்திர அறிக்கை ஒன்று உண்டு. எத்தனை வழக்கு, எத்தனை பேர் கடத்தப்பட்டார்கள், எத்தனை பேர் மீட்கப்பட்டார்கள். இதற்கென்று பெரிய பதிவேடு ஒன்று வைத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்கு ஒரு பக்கம். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் நேரில் வந்து, தன் பக்கத்தில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு எதுவும் இல்லாவிட்டால் 'இன்மை' என்று எழுத வேண்டும். ஆறாம் தேதி காலை நான் மொத்தம் போட்டுச் சென்னைக்கு அனுப்புவேன். பதினோரு வருடத்தில் ஒரு மாதம்கூட ஆறாம் தேதி ஏழாம் தேதி ஆனதில்லை. மாநிலத்தில் வேறு எந்த மாவட்டமாவது அப்படிச் சொல்லுமா? மூன்று முறை பாராட்டுக் கடிதம் வாங்கியிருக்கிறேன். கொண்டுவந்திருக்கிறேன், பிறகு காட்டுகிறேன்.

ஐந்தாம் தேதி மாலை வரை வராத ஸ்டேஷன்களை என்ன செய்வது? இருக்கத்தானே செய்யும், சோம்பேறிகள். இரண்டு பேருக்காக இருபத்தைந்து பேரின் அறிக்கை நிற்க முடியுமா? வராதவர்களின் பக்கத்தில் நானே 'இன்மை' என்று எழுதிவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

எங்கள் பிரிவில் ஜெபசெல்வி என்று ஒரு தட்டச்சர் இருக்கிறாள். அவள்தான் ஒருநாள் கேட்டாள்.

"சார், ஒரு போன் போட்டுக் கேட்டுட்டா என்ன?"

"கேட்டால் என்ன சொல்வான்? நாளைக்கு வருகிறேன் என்பான். நாளைக்கு ஆறாம் தேதி."

"வழக்கு இருந்தா?"

"இருந்தால் வந்து எழுதியிருப்பான்."

"இல்லாதவன்தான் சார் மூணாம் தேதியே வந்து எழுதிட்டுப் போறான். வழக்கு இருக்கிறவன் அதுக்குப் பின்னாடி அலைஞ்சிட்டு இருப்பான்ல?"

பார்த்தீர்களா பேச்சை. தட்டச்சு செய்ய வந்தவள் எனக்கு வகுப்பு எடுக்கிறாள். "உன் வேலை விசைப்பலகை" என்று சொல்லி முடித்துவிட்டேன். ஒன்றிரண்டு முறை ரைட்டர்கள் பதினைந்தாம் தேதிக்குமேல் வந்து தலையைச் சொறிந்தார்கள். டீமோடு வெளி மாநிலம் போயிருந்தோம் சார், போன மாதக் கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. சேர்த்தால் என்ன ஆகும்? சென்னைக்குப் போன அறிக்கை தப்பு என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகும். போன மாதம் முடிந்த மாதம், போய்வா என்று அனுப்பிவிட்டேன்.

இனி இவள் கதைக்கு வருகிறேன்.

இவளுக்கு ஒரே மகள், இசக்கிதேவி. பதினேழு வயது. போன வருடம் ஆடி மாதத்தில் ஓர் ஏஜென்ட் வந்து, மேற்குக் கரையில் இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை, தங்க இடம், சாப்பாடு என்று சொல்லி அழைத்துக்கொண்டு போயிருக்கிறான். இரண்டு வாரம் போன் வந்திருக்கிறது. பிறகு வரவில்லை. ஏஜென்டின் எண்ணும் அணைந்துவிட்டது. இவள் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். காணவில்லை என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். போட்டார்களா இல்லையா? போட்டார்கள். ஆனால் இவளுக்கு அது போதாது. கடத்தல் என்று எழுத வேண்டுமாம், தனிப்படை அமைத்துத் தேட வேண்டுமாம்.

அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் வாய் சும்மா இருக்காதவர். "ஒரு பொண்ணு போனா அது காதல்மா. பத்துப் பொண்ணு போனாத்தான் கும்பல். பத்துன்னு ஆதாரம் கொண்டா, நானே மேலே எழுதித் தனிப்படை போடச் சொல்றேன்" என்றாராம். விரட்டுவதற்காகச் சொன்னது சார். யாருக்கும் புரியும். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பத்தைத் தேடிக் கிளம்பிவிட்டாள்.

அக்டோபர் மாதம் என் மேசைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு வந்தது. கடந்த மூன்று வருடத்தில் ஸ்டேஷன் வாரியாக, மாத வாரியாக, எத்தனை கடத்தல் வழக்கு? யாரோ ஒரு பள்ளிக்கூடத்து ஆள் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும், பிழை இல்லாமல் இருந்தது. சட்டம் முப்பது நாள் தருகிறது. நான் எப்போதும் இருபத்தொன்பதாம் நாள்தான் பதில் அனுப்புவேன். அது ஒரு ஒழுங்கு. சீக்கிரம் கொடுத்துப் பழக்கினால் தினமும் பத்துப் பேர் வருவார்கள். நவம்பர் ஏழு, பதில் போனது. 'தாங்கள் கோரியுள்ள வடிவில் தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை.' யாருக்கும் இந்த ஒரு வரிதான். வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது.

மறுவாரம் நேரில் வந்து நின்றாள்.

"ஐயா, எழுதி வச்சிருக்கியளா, இல்லியா?"

"நீ கேட்கிற மாதிரி இல்லை."

"வேற எந்த மாதிரி இருக்கு? அந்த மாதிரியே தாங்க."

"அம்மா, இது பெண்பிள்ளைகள் விஷயம். குடும்ப மானம். கண்டவர்களுக்குக் கொடுக்க முடியாது."

"நான் பேரு கேக்கலய்யா. ஊரு கேக்கல. எத்தனைன்னுதான கேக்கேன். எண்ணிக்கைக்கு என்னய்யா மானம்?"

அலுவலகமே கேட்டுக்கொண்டிருந்தது. ஜெபசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாள் என்று தெரியும். நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. "மேல்முறையீடு செய்துகொள்" என்றேன். சட்டம் சொல்வதைத்தான் சொன்னேன். பீடி சுற்றுகிறவள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை தடவை வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அது என் கணக்கில் பிழை, ஒத்துக்கொள்கிறேன். வந்துகொண்டே இருந்தாள்.

மேல்முறையீட்டைப் பார்த்தவர் புதிதாக வந்த அதிகாரி. இளவட்டம். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி உத்தரவு போட்டார். தகவலைத் தொகுத்துத் தர முடியாவிட்டால் பதிவேட்டையே மனுதாரர் பார்வையிடட்டும் என்று. சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது சார், அரசாங்கப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் வந்து புரட்டலாமாம். உத்தரவில் தேதி போடவில்லை. அதைக் கவனித்தேன். கிறிஸ்துமஸ், ஆண்டு முடிவு, பொங்கல் விடுமுறை, எல்லாம் கழித்து ஜனவரி இருபத்திரண்டு என்று தேதி கொடுத்தேன். ஆளே இல்லாத அலுவலகத்தில் யார் உட்கார்ந்து காட்டுவது?

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு வந்தாள். இதே நீலக் கூடை. ஆவண அறை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டேன். மேசை தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மின்விசிறியும் சொல்லவில்லை. மூன்று வருடத்துப் பதிவேட்டை மடியில் வைத்தேன். நானும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், ஏதாவது கிழித்துவிடுவாளோ என்று.

அவள் படிக்கிற வேகத்துக்கு ஒரு மாதத்தைத் தாண்டவே மதியமாகும் என்று எண்ணினேன். ஆனால் அவள் படிக்கவில்லை சார். பார்த்தாள். பீடிக்காரிகள் ஒரு பீடிக்கட்டைக் கையில் எடுத்தால் எண்ணாமலேயே இருபத்தைந்து என்று சொல்வார்கள், பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரி ஒரு பார்வை. பக்கம் பக்கமாகத் திருப்பினாள்.

"எச்சில் தொட்டுத் திருப்பாதே. அரசாங்கப் பதிவேடு" என்றேன்.

"எச்சி தொடலய்யா. வேர்வை. காத்தில்லாம உக்காத்தி வச்சிருக்கியள்ல."

வாயைப் பாருங்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, "இது என்னய்யா, இன்மைன்னா?" என்றாள்.

"அந்த மாதம் அந்த ஸ்டேஷனில் ஒரு வழக்கும் இல்லை என்று அர்த்தம்."

"நல்லதுதான்." இன்னும் நாலு பக்கம் திருப்பினாள். "இந்த இன்மை மட்டும் எல்லா ஸ்டேஷன்லயும் ஒரே ஆளு எழுதுன மாதிரி இருக்கே. மத்ததெல்லாம் கோழி கிண்டுன மாதிரி இருக்கு. இது மட்டும் அச்சடிச்ச மாதிரி அழகா இருக்கு."

என் கையெழுத்தைப் பற்றி நானே சொல்லக் கூடாது. இருந்தாலும், ஓய்வுபெற்ற ஒரு மேலதிகாரி தன் மகள் கல்யாணத்துக்கு முகவரி எழுத என்னைத்தான் வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"அது என் எழுத்து" என்றேன்.

"அப்ப அந்த ஸ்டேஷன்காரவ வரலியா?"

"ஐந்தாம் தேதிக்குள் வராவிட்டால் நான்தான் எழுதுவேன். அதுதான் நடைமுறை."

அவள் கூடையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்கினாள். இப்போது என் எழுத்து வருகிற இடத்தில் மட்டும் நிறுத்தி, ஸ்டேஷன் பெயரையும் மாதத்தையும் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள். பதினான்கு இடம். எழுதி முடித்துப் பதிவேட்டை மூடி, துடைத்துவிட்டுக் கொடுத்தாள். "வாரேன் ஐயா" என்றாள். ஆயிரம் தடவை 'இன்மை' எழுதியிருக்கிற பதிவேட்டில் பதினான்கை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகிறாள் என்றால் அவள் எப்படிப்பட்டவள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நல்லபடியாகப் பேசுகிற மாதிரி பேசி என் வாயைப் பிடுங்கிவிட்டாள்.

அந்தப் பதினான்கு ஸ்டேஷனுக்கும், அந்தந்த மாதத்துக்கும் மட்டும், பதினான்கு மனு போட்டாள். முறைப்படி ஸ்டேஷன்காரர்கள் அந்த மனுக்களை எனக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியிருந்தால் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் காலத்து இன்ஸ்பெக்டர்களுக்கு நடைமுறை எங்கே தெரிகிறது? அவரவர் நேரடியாகப் பதில் எழுதிவிட்டார்கள். பத்து நாளில், பன்னிரண்டு நாளில்! சிலர் என்னவோ பெருமையாக, குற்ற எண், தேதி, நடவடிக்கை என்று விரிவாக வேறு. பதினான்கில் ஒன்பது இடத்தில் வழக்கு இருந்தது. இவள் மகளைச் சேர்க்காமலே மொத்தம் பதினோரு பெண்கள். ஏழு வழக்கில் அதே ஏஜென்ட் பெயர்.

பத்து கேட்டார் இன்ஸ்பெக்டர். இவள் பதினொன்றைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

அதன் பிறகு அலுவலகத்தில் நான் பட்ட பாட்டை நீங்கள் பட்டிருக்க மாட்டீர்கள். எஸ்.பி. கூப்பிட்டார். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த ஒன்பது இன்மையும் யார் எழுதியது?" என்றார். நான் நடைமுறையைச் சொன்னேன். "மூன்று வருடத்து வழக்குகளை ஏன் ஒருத்தரும் சேர்த்துப் பார்க்கவில்லை என்று யோசித்தேன். சேர்த்துப் பார்க்க எதுவுமே இல்லாமல் செய்திருக்கிறீர்களே" என்றார். என் மகன் வயது அவருக்கு. பாராட்டுக் கடிதங்களை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பார்க்கக்கூட இல்லை. அன்றைக்கே அந்தப் பதிவேட்டை ஜெபசெல்வியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார். அவள் இப்போது ஐந்தாம் தேதி இருபத்தேழு ஸ்டேஷனுக்கும் போன் போடுகிறாள். அறிக்கை ஒன்பதாம் தேதி போகிறது, பத்தாம் தேதி போகிறது. ஒருவருக்கும் வெட்கமில்லை.

தனிப்படை போட்டார்கள். ஒன்று சொல்ல வேண்டும் சார், நம் துறையை யாரும் குறை சொல்ல முடியாது. எண்ணிக்கை கைக்கு வந்ததும் என்ன வேகம் தெரியுமா? ஏஜென்டைப் பிடித்தார்கள், அவன் வாயிலிருந்து இடத்தை வாங்கினார்கள், மேற்குக் கரையில் அந்த இறால் கொட்டகையைச் சுற்றி வளைத்தார்கள். இவள் பதிவேட்டைப் பார்த்தது ஜனவரி இருபத்திரண்டு. பெண்கள் ஊர் வந்து இறங்கியது மார்ச் பதினெட்டு. ஐம்பத்தைந்தே நாள்! வெளி மாநிலத்திலிருந்து! பாராட்ட வேண்டிய விஷயமா இல்லையா? யார் பாராட்டுகிறார்கள்?

பதினோரு பேரில் ஐந்து பேர் முன்னாலேயே எப்படியோ தப்பி வீடு வந்து சேர்ந்திருந்தார்கள். மிச்சம் ஆறு பேரும் அந்தக் கொட்டகையில் இருந்தார்கள். பதிவேடு கையில் இல்லாவிட்டாலும், வருகிறவர்களைச் சரிபார்த்துப் பட்டியலில் குறிக்கிற வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதுவும் ஒரு தண்டனைதான். காலை எட்டு மணிக்கு ரயில். பிளாட்பாரத்தில் போய் நின்றேன். பெற்றவர்கள் கூட்டமாக நின்றார்கள். இவளும் நின்றாள்.

யார் யார் கிடைத்தார்கள் என்று முன்கூட்டியே பெயர் சொல்லக் கூடாது என்று உத்தரவு. அதனால் இவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பட்டியல் என் கையில் இருந்தது. நானாகப் போய்ச் சொல்ல வேண்டுமா? உத்தரவை மீறியா?

பெண் காவலர் முதலில் இறங்கினார். பின்னால் ஒவ்வொரு பெண்ணாக இறங்கியது. கையெல்லாம் வெந்த மாதிரி தோல் உரிந்திருந்தது, ஐஸ் தண்ணீரிலேயே கையை வைத்து வைத்து. நான் குறித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றாக இறங்க இறங்க ஒரு குடும்பம் கத்தும், ஓடும், கட்டிப்பிடிக்கும். ஆறாவது பெண்ணும் இறங்கியாயிற்று. இவள் பெட்டி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெண் காவலர் கதவைச் சாத்தினார்.

இவள் நேராக அந்த ஆறாவது பெண்ணிடம் போனாள்.

"ஏ பிள்ள, இசக்கிதேவி எங்க? உங்க கூடத்தான இருந்தா?"

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டது. "எங்க கூடத்தான் பெரியம்மா இருந்தா. பொங்கலுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி ஒரு வேன் வந்துச்சு. அவளையும் வடக்கத்திப் பிள்ளைகள் மூணு பேரையும் ஏத்திட்டுப் போயிட்டாவ. எங்கன்னு தெரியல பெரியம்மா. அவ செருப்பக்கூட எடுக்கல."

நீங்களே சொல்லுங்கள். இவ்வளவு ஆர்ப்பாட்டம், இவ்வளவு மனு, இவ்வளவு பேர் பெயர் கெட்டுப்போனது, கடைசியில் இவளுக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. ஊரார் பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள், இவள் பிள்ளை வரவில்லை. ஏஜென்டுக்கே அந்த வேன் யாருடையது என்று தெரியாதாம். இன்றுவரை தகவல் இல்லை. இதற்கு நான் எப்படிப் பொறுப்பு? வேனை நானா ஓட்டினேன்?

அன்றைக்கு இவள் அழவில்லை சார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தாய் என்றால் அழ வேண்டாமா?  பிறகு திரும்பி என்னைத் தேடி வந்தாள். நான் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயா, உங்களுக்குத் தேதியெல்லாம் மனப்பாடம்னு சொல்லுதாவ. ஒண்ணு கேக்கேன். நான் மொத மனு என்னைக்குய்யா குடுத்தேன்?"

கோப்பு கையில் இல்லை. எதிரே நிற்பது என் வேலையைக் கெடுத்தவள். எழுதிக் கேள், முப்பது நாள் ஆகும் என்று சொல்லியிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்? நான் அப்படிச் சொல்லவில்லை. மனு இல்லாமல், ஸ்டாம்ப் இல்லாமல், அங்கேயே, அந்தக் கணமே சொன்னேன். "அக்டோபர் ஒன்பது" என்று.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அக்டோபர் ஒம்பது" என்று தனக்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டாள். விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று உதடு அசைந்தது. எதை எண்ணினாளோ, எனக்கென்ன. கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

மறுவாரமே இந்தப் புகார். ஆணையத்துக்கு. படித்துக் காட்டுகிறேன், கேளுங்கள். 'நான் கேட்ட எதற்கும் இந்த அலுவலர் காலத்தில் பதில் சொல்லவில்லை.' எதற்குமாம்! அன்று பிளாட்பாரத்தில் நான் சொன்னது பதில் இல்லையா சார்? ஒரு நிமிடமாவது தாமதித்தேனா? நாள், மாதம், இரண்டும் சரியாகச் சொன்னேனே. இன்றைக்கு உள்ளே போனதும் முதலில் அதைத்தான் சொல்லப்போகிறேன்.